பின் சீட்டில் ஒரு கிளாஸ் பீர்

என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லிபுஷே வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் நெற்றி சுருங்கியது. மெக்கானிக் லுபோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராப்பகலாகக் கழற்றிப் பூட்டியவன் அவன்; சோதனை போடுகிறவள் இவளா?

"ஏம்மா, என் வேலையில நம்பிக்கை இல்லையா?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்டான். பதிலே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு ராங்கி!

இந்தச் சிவப்பு ஜாவா மோட்டார் சைக்கிள் அவன் பட்டறைக்கு வருவது இது மூன்றாவது தடவை. அவன் பிறந்த வருஷத்து வண்டி. புதிதில் பூனை மாதிரி ஓடியிருக்கும். அறுபது வருஷம் மொராவியா மலை ரோட்டில் அடிபட்டால் எதுதான் ஆடாது? லுபோரின் இடுப்பே ஆடிப்போய்க் கிடக்கிறது.

வண்டிக்குச் சொந்தக்காரன் ஹினெக், அவள் புருஷன். ஆயுசு பூராவும் மரமில்லில் ரம்பம் பிடித்த கை. அந்த அதிர்விலேயே விரல்கள் வெளுத்து வெளுத்து மரத்துப்போகின்றன. ஆடுகிற எதையும் இனிமேல் பிடித்தால் விரல் தங்காது, வண்டியை விற்றுவிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வித்துட்டா ஞாயித்துக்கிழமை நாங்க என்னய்யா பண்றது? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்று கெஞ்சினான் ஹினெக். "பின்னால ஏறி உக்காந்தாள்னா வழியெல்லாம் பாடிக்கிட்டே வருவா. சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. ஆனா அந்தப் பாட்டு இல்லாம எனக்கு வண்டி ஓட்டவே வராது. எப்படியாவது ஆட்டத்தை நிறுத்திக் குடு லுபோர், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பாடுவாங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் காணோம்!"

ஹினெக் சிரித்துவிட்டு லிபுஷேயிடம் போனான். எதைச் சொல்வதானாலும் அவள் எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்துத்தான் சொல்வான். பொண்டாட்டிக்கு இப்படியும் ஒருத்தன் நடுங்குவானா என்று லுபோர் தலையில் அடித்துக்கொண்டான்.

முதல் தடவை கிராங்க்கை எடுத்து நேர் பண்ணினான். அடுத்த தடவை என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை எல்லாம் மாற்றினான். ஆட்டம் குறைந்ததே ஒழிய ஓயவில்லை. ஹினெக்கின் விரல் மறுபடி வெளுத்தது. இந்தத் தடவை லுபோர் ஒன்றையும் விடவில்லை. ஹேண்டில்பார் குழாய்க்குள் ஈயக் குண்டுகளை நிரப்பி அடைத்தான். சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் அடியில் தடித்த ரப்பர் கொடுத்தான். என்ஜினை மறுபடி இறக்கி, எங்கெங்கே இரும்பும் இரும்பும் உரசுமோ அங்கெல்லாம் மெத்தை வைத்தான். இதற்கு மேல் அவன் உடம்பிலும் தெம்பு இல்லை.

வேலை முடிந்தது என்று இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் வாயால் சொல்வதில்லை. லுபோர் பின் சீட்டின் மேல் ஒரு பலகையைப் போட்டு, விளிம்பு வரை ஊற்றிய பீர் கிளாஸை வைத்தான். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். நுரை அப்படியே நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அடேங்கப்பா!" என்று ஹினெக் அவனைக் கட்டிக்கொண்டான். வண்டி ஓட்டப்போகிற ஹினெக் அந்தப் பீரைக் குடித்தால் போலீஸ் பிடிக்கும் என்பதால் லுபோரே குடித்தான்.

"மேட்டு மாதா கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அப்புறம் என் மூஞ்சியிலேயே முழிக்காதீங்க. நான் தூங்கணும்."

போனார்கள். லுபோர் கைகளில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். கண் அசரும் நேரத்தில் வண்டி திரும்பி வந்து நின்றது. ஹினெக் இறங்கினான். லிபுஷே இறங்கவில்லை. குனிந்து, இரண்டு கைகளாலும் சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"என்னய்யா, இன்னும் ஆடுதா?" லுபோருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சுத்தமா ஆடல. விரலைப் பாரு, எப்படிச் சிவந்து கிடக்குது!"

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி வர்றீங்க?"

ஹினெக் திரும்பி லிபுஷேயைப் பார்த்தான். பிறகு, "நீ வச்சதை எல்லாம் கழட்டிடு லுபோர். பழையபடியே ஆடட்டும்" என்றான்.

"யோவ், பைத்தியமா உனக்கு? இடுப்பு ஒடிய வேலை பாத்திருக்கேன்!"

"போற வழியில அவ பாடவே இல்லைய்யா. பின் சீட்டாவது ஆடணும்."

"பின்னால ஆடினா முன்னாலயும் ஆடும்யா, எல்லாம் ஒரே சட்டத்துலதானே நிக்குது! உன் விரல் போயிடும்! ஒரு பாட்டுக்காகவா?"

ஹினெக் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பொண்டாட்டிக்கு முதுகைக் காட்டி நின்றான். அவள் தன் உதட்டைப் பார்க்க முடியாதபடி திரும்பிக்கொண்டு சொன்னான்:

"அவளுக்குக் கேட்ட சத்தம் அந்த ஆட்டம் ஒண்ணுதான்யா."