தப்பான பாஸ்வேர்டு

2024 ஆவணியில், சங்கரன்கோவிலில், கனகலட்சுமியின் பழைய டேப்லெட் கணினியில் வைஃபை நின்றுபோனது. அவளிடம் போன் கிடையாது. கோவையில் நிறைமாதமாக இருக்கும் மகளை அதில்தான் பார்ப்பாள். பழுது பார்க்க இசக்கிராஜா வீட்டுக்கே வந்தான்.

“டேப்பு கெழடுதான் மதினி, ஆனா நோயில்ல. பாஸ்வேர்டுதான் தப்புங்குது.”

“மாரிசெல்வின்னுதானே எப்பவும் போடுதேன்? பெத்த மக பேரு எனக்குத் தப்புமாவே?”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் சண்முகையா நிமிரவில்லை.

“நாந்தான் மாத்துனேன். வேத்து சாதிக்காரனக் கட்டுனவள என்னைக்கோ தலைமுழுகியாச்சு. அவ பேரு மட்டும் வீட்டுக்குள்ள எதுக்குட்டி?”

“புதுசு என்ன அண்ணாச்சி?” என்றான் இசக்கிராஜா.

“ஒம்ம சோலி முடிஞ்சுட்டுல்லா, கெளம்பும்வே.”

மாரிசெல்விக்கு மகன் பிறந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் கனகலட்சுமி அறிந்தாள்.