உப்புப் பொதிக் கழுதை

12 ஜனவரி 2058, தூத்துக்குடி

இன்று வேலையில் ஒரு தவறு செய்தேன். பயணிகள் வந்தால் சுவரோரம் ஒதுங்க வேண்டும். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

பழைய துறைமுகத் தெருவைப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு கண்ணாடி தருகிறார்கள். அதற்குள் முந்நூறு வருடத்துக்கு முந்தைய தெரு தெரியும். கூட்டிப் பெருக்கும் நாங்கள் தெரிய மாட்டோம். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜால் நான் அவர்களுக்கு உப்புப் பொதி சுமக்கும் கழுதை. பேசினாலும் கழுதைக் குரல்தான் கேட்கும்.

கப்பலில் வந்த கூட்டத்தில் என் அக்கா பிலோமி இருந்தாள். எப்போதோ கனடாவுக்குப் போனவள். வருவதாக எனக்குச் சொல்லவில்லை. "அக்கா!" என்று கூப்பிட்டேன்.

"ஏ, கத்துது பாரேன்!" என்று சிரித்தாள். கிட்டே வந்து என் தலையைத் தடவினாள். "தொட்டாலும் நெசம் மாதிரியே இருக்கு."

பேட்ஜைக் கழற்றினால் நான் நானாகவே அவளுக்குத் தெரிவேன், ஆனால் வேலை போய்விடும். போகட்டும் என்று அதில் கை வைத்தேன்.

அப்போது அவளோடு வந்த தோழி கேட்டாள். "ஏட்டி, ஒன் தம்பி இந்த ஊர்லதான இருக்கான்? போய்ப் பாக்கலயா?"

"வேண்டாம்டி. பாத்தா, என்னையும் கூட்டிட்டுப் போன்னு அழுவான். நான் என்ன சொல்ல?"

கையை எடுத்துவிட்டேன். அவள் இன்னொரு முறை தடவிவிட்டுப் போனாள்.

நான் அப்படி அழுதிருப்பேனா? வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பில் முழுக்க யோசித்தேன், தெரியவில்லை.

நாளை இரண்டு கப்பல்கள் வருகின்றன. விடிவதற்குள் தெருவைக் கூட்டி முடிக்க வேண்டும்.