எலிக்கும் போடாத மருந்து

பூஞ்சையின் மரபணுவை மாற்றி அதை மருந்து சுரக்கவைக்க ஜெபராணி வருடக்கணக்கில் போராடியிருந்தாள். இன்று குடுவையில் இழைகள் பஞ்சுபோல் திரண்டு, மருந்து சுரந்து நீர் மஞ்சளாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணி ஆய்வகத்துக்குள் ஓடிவந்தாள். அண்ணனின் நோய்த்தொற்றுக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

“இதுதானே நீ சொன்ன மருந்து? கொஞ்சம் குடு, ஜெபா.”

“எலிக்கே இன்னும் போட்டுப் பாக்கல, அண்ணி. வெஷமாக்கூட இருக்கலாம்.”

“சாயங்காலம் வரைக்கும் தாங்கமாட்டாருங்கிறாங்க. இனிமே வெஷம் அவர என்ன பண்ணிரும்?”

ஜெபராணி குடுவையைக் கையில் எடுத்தாள். மருந்தைப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்தி ஊசியில் ஏற்றினாள். அண்ணி கையை நீட்டினாள். ஜெபராணி ஊசியைக் கொடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கோட்டின் கையை மேலே சுருட்டினாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகலன்னா மிச்சத்த எடுத்துட்டு ஓடுங்க.”

அண்ணி தடுக்கவில்லை.