தட்டில் துடித்த இதயம்

"துடிக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா!"

"துடிக்குது சார்! நல்லாவே துடிக்குது!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிழைத்தது ஆள் அல்ல. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கண்ணாடித் தட்டில் கிடந்த, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு சதைத் துணுக்கு.

கோழிமுட்டையில் ஆராய்ச்சியைத் தொடங்கி, கருமுட்டைக்கு ஏறி, அங்கிருந்து ஸ்டெம் செல்லுக்குத் தாவியவர் அவர். நிறுவனத்தில் இருபத்தாறு வருஷமாக 'முட்டைக்காரர்' என்றால்தான் தெரியும். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய அந்த செல்லை இதயமாக மாற்றிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டு, நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அதற்குச் சாப்பாடு ஊற்றிச் சீராட்டியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. துடித்தால் இன்னும் மூன்று வருஷம் வேலை. துடிக்காவிட்டால் அறை செடித் துறைக்குப் போய்விடும். அவர்கள் இப்போதே வந்து, தொட்டி வைக்க ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரே ஒரு தொல்லை. பேராசிரியர் டீ குடிக்க எழுந்து போனால் துடிப்பு நின்றுவிடும். வந்து உட்கார்ந்ததும் தொடங்கிவிடும்.

"நான் தனியா பார்த்தா கல்லு மாதிரி கிடக்குது சார். என்னைப் பிடிக்கலை போல," என்றார், பதினெட்டு வருஷமாகக் கூடவே இருக்கும் உதவியாளர் அம்மாள்.

"வளர்த்தவனை அதுக்கு அடையாளம் தெரியுதும்மா," என்றார் பேராசிரியர், சிரிக்காமல். அன்றைக்கே அதைப் பற்றிப் பதினோரு பக்கக் கட்டுரையும் எழுதி முடித்தார்.

வீட்டில் மனைவியிடமும் பெருமை அடித்துக்கொண்டார். "நம்ம பிள்ளைங்க ரெண்டும் நான் உள்ளே வந்தா எழுந்து போகுதுங்க. அது என்னைப் பார்த்ததும் துள்ளுது!"

"அப்போ அதையே கடைக்கு அனுப்பிப் பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை குழுத் தலைவி வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பேராசிரியர் மரியாதையாகக் கைகட்டி நின்றார்.

"ஒண்ணும் அசையலையே?"

எதற்கு வந்தாரோ, வாசலில் நின்ற செடித் துறைத் தலைவர் திருப்தியாகத் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒரு நிமிஷம். நான் பக்கத்துல உட்காரணும்."

"நீங்க எதுக்கு?"

"கொஞ்சம் கூச்ச சுபாவம் மேடம், அதுக்கு."

நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். நாலு விநாடி போயிருக்கும்.

"அட! ஆமா, துடிக்குது!" தலைவிக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. "சரி, இது இதய செல்தான்னு எப்படி நிரூபிப்பீங்க?"

பேராசிரியருக்கு நெற்றி வியர்த்தது. துடிப்பு இரண்டு மடங்கானது.

"வேற எந்த லேபிலயாவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?"

காது மடல் சிவந்தது. துடிப்பு மூன்று மடங்கானது.

"பாருங்க மேடம், நீங்க கேள்வி கேட்டா அதுக்கும் படபடன்னு வருது."

தலைவி சொக்கியே போனார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. மூணு என்ன, அஞ்சு வருஷமா எழுதித் தர்றேன்."

செடித் துறைத் தலைவர் முகம் தண்ணீர் ஊற்றாத தொட்டி போலானது. உதவியாளர் அம்மாள் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். தலைவி அதே மேசையில் படிவத்தை விரித்துப் பேனாவைத் திறக்க, பேராசிரியருக்கு சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

கையெழுத்தின் முதல் எழுத்து அலை அலையாக விழுந்தது. இரண்டாவது எழுத்து காகிதத்தை விட்டே வெளியேறியது. தலைவி பேனாவைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"சார், காலை ஆட்டாதீங்க."