முதல் சுற்று

பத்தொன்பது வருட இடைவெளிக்குப் பிறகு மெரேத்தே ஹோல்க் வெளியிட்ட பியானோ இசைத்தட்டை, நாடே கேட்டுக்கொண்டிருந்த வானொலியில், ஒரே ஒரு நிமிடம் கேட்டுவிட்டு ஒதுக்கித் தள்ளினார் விமர்சகர் டோர்பென் ஃபென்ஸ்மார்க். "பியானோவே சரியில்ல. அடுத்ததுக்குப் போகலாம்" என்றார். அவ்வளவுதான் விமர்சனம்.

மெரேத்தேயின் மகள் சிட்ஸெலால் இதைப் பொறுக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். கோபம் வந்தால்கூட அதற்கு ஒரு விதி எண் தேடுகிறவள்.

விதியும் இருந்தது. 'திரைக்குப் பின்னால்' என்ற அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியில், பல பகுதிகள் கொண்ட ஒரே சொனாட்டாவை ஆறு பேர் வாசித்த பதிவுகளைப் போடுவார்கள். யார் வாசித்தது என்று மூன்று விமர்சகர்களுக்கும் சொல்லமாட்டார்கள். முதல் சுற்றில் ஆறின் தொடக்கமும் ஒவ்வொரு நிமிடம் ஒலிக்கும். ஆளுக்கு ஒன்றைத் தள்ளலாம். மிஞ்சிய மூன்றும் அடுத்த சுற்றுக்குப் போகும். கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டால், கையைத் தூக்கிவிட்டு அந்தப் பதிவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

கடைசியில் பெயர்களைப் படிப்பார்கள். அப்படித்தான் அம்மாவின் பெயரும் நாடு முழுக்கக் கேட்டது, முதல் சுற்றிலேயே போனவர்களில் ஒருவராக.

மற்ற இரண்டு விமர்சகர்கள் செய்திருந்தால்கூட சிட்ஸெல் விட்டிருப்பாள். அவர்கள் ஆளை உரித்துத் தொங்கவிடுகிறவர்கள். போன மாதம் ஒரு வயலின்காரரை அரை மணி நேரம் நார் நாராகக் கிழித்தார்கள். டோர்பென்தான் அங்கே மனுஷன் என்று பெயர். அவரே இப்படி.

அன்றைக்கு அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டு வானொலியை அணைத்தாள். இடது கையைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டபடி, வலது கையால் காபி ஊற்றினாள். டிசம்பரிலிருந்து அப்படித்தான். கேட்டால் குளிர் என்பாள். இப்போது மே மாதம். அதன்பிறகு பியானோவின் மூடியை அவள் திறக்கவே இல்லை.

மூன்றாவது வாரம், வியாழன் மாலை, சிட்ஸெல் ஊஃபேயின் இசைத்தட்டுக் கடைக்குப் போனாள். ஆர்ஹுஸ் நகரத்து ரசிகர்கள் வாராவாரம் கூடுகிற இடம். புதிய தட்டுகளை அலசுவார்கள், வானொலியில் சொன்னதை மறுத்துச் சண்டை போடுவார்கள். வழக்கமாக வரும் டோர்பென் இன்னும் வந்திருக்கவில்லை.

பல் மருத்துவர் குன்ஹில்ட் அவள் பக்கம் நின்றார். "ஒரு நிமிஷத்துல தள்ளிட்டாராம். நான் பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடிகூட அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பேன்."

காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஊஃபே போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "அந்தத் தட்டு வந்த அன்னைக்கே டோர்பென் வாங்கினாரே. அதோ அந்த நாற்காலியில உக்காந்து, ஹெட்போனை மாட்டிக்கிட்டு முழுசா ரெண்டு தடவை கேட்டார்."

சிட்ஸெலுக்கு வேண்டியிருந்த சாட்சி அதுதான்.

டோர்பென் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டக்கூட அவள் விடவில்லை.

"எங்கம்மா தட்டை நீங்க ஏற்கெனவே கேட்டிருக்கீங்க."

"கேட்டிருக்கேன்."

"அப்போ அன்னைக்கு யாருன்னு தெரிஞ்சிருக்கு."

"பத்து நொடியிலயே தெரிஞ்சுது."

"கையைத் தூக்கல."

"தூக்கல."

அவர் மறுப்பார், மடக்கலாம் என்று எவ்வளவோ தயாரித்து வந்திருந்தாள். எல்லாம் வீணாகப் போனது. பையிலிருந்து மூன்று பக்கக் கடிதத்தை எடுத்தாள். வானொலி நிலையத்துக்கு எழுதியது. இது போய்ச் சேர்ந்தால் அவருடைய இடம் போய்விடும் என்றாள். போகும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அந்த நிகழ்ச்சியில் இருப்பவர்.

"அனுப்பாம இருக்கணும்னா ஒண்ணு செய்யுங்க. தப்பை ஒத்துக்கிட்டு, எங்கம்மா வாசிச்சதை ரேடியோவுல முழுசாப் போட வைங்க."

"அது மட்டும் முடியாது. நீங்க கடிதத்தை அனுப்பிடுங்க."

குன்ஹில்ட் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"அவ்வளவு என்ன வெறுப்பு உங்களுக்கு?" என்றாள் சிட்ஸெல். "மூணு வாரமா அவங்க பியானோகிட்டயே போகல. ஒரே நிமிஷத்துல முடிச்சுட்டீங்க. கொஞ்ச நேரம் கேட்டிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?"

டோர்பென் மற்றவர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவளைக் கடையின் கோடியில் இருந்த அந்த நாற்காலிப் பக்கம் அழைத்துப்போனார்.

"நீங்க அதை முழுசாக் கேட்டீங்களா?" என்றார், தாழ்ந்த குரலில்.

முதல் பகுதியை மட்டும் சிட்ஸெல் பேருந்தில் கேட்டிருந்தாள். மீதியைத் தேர்வு முடிந்ததும் நிதானமாகக் கேட்கலாம் என்று வைத்திருந்தாள். கடிதம் எழுத மூன்று இரவு கிடைத்தது, அதற்குக் கிடைக்கவில்லை.

இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ரெண்டாவது சுத்துல மெதுவான பகுதியைப் போட்டு, அந்த ரெண்டு பேரும் அக்குவேறா அலசுவாங்க, சிட்ஸெல். அதுல இடது கை மட்டும் தனியா வாசிக்கிற இடம் ஒண்ணு வரும்."