இருபத்திநாலு இன்ச் பிளேடு

"இருக்கிறதுலயே சின்ன மெஷின். அதுல இருக்கிறதுலயே நீளமான பிளேடு. மாட்டிக் குடுங்க."

கடைக்கு வந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் சொல்லி முடித்ததும், புரொபசர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். மரம் அறுக்கும் மெஷின் விற்கும் அவருக்குத் தெருவில் அதுதான் பெயர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் ஒற்றை நட்டு வாங்க வந்தவரைக்கூடப் பாடம் எடுக்காமல் அனுப்பமாட்டார்.

"இதுவரைக்கும் எத்தனை மரம் வெட்டியிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அதான் பேச்சுலயே தெரியுதே." புரொபசர் சின்ன மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது முப்பத்தஞ்சு சிசி. பதினாலு இன்ச் பிளேடு, மெல்லிசு செயின். இதுக்கு அதுதான் கணக்கு. நீங்க கேக்கறது இருபத்திநாலு இன்ச். அதுக்குத் தடிச்ச செயின், அதை இழுக்க ரெண்டு மடங்கு பலம் வேணும். ஸ்கூட்டர் என்ஜினைக் கழட்டி லாரியில மாட்டினா லாரி ஓடுமா?"

"மாட்டினா என்ன ஆகும்?"

"வெறும் காத்துல ஜோரா சுத்தும். மரத்துல வெச்சா மூச்சு முட்டி நின்னுடும். ஒரு விறகுக்கட்டையைக்கூட வெட்டாது. போதுமா?"

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். "பரவாயில்ல சார். அதையே குடுங்க. பாக்கறதுக்குப் பெருசா இருக்கணும், அவ்வளவுதான்."

புரொபசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சொல்லியும் மண்டையில் ஏறாத ஜென்மத்தை என்ன செய்வது? சட்டையில் ஒரு கசங்கல் இல்லை, தலையில் ஒரு முடி கலையவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிவைத்து விருந்தாளிகளுக்குக் காட்டப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"யாரு வெட்டப் போறது? நீங்களா?" அந்த 'நீங்களா'வில் ஏகப்பட்ட நக்கல்.

"அப்பா. தோட்டத்துல ஒரு மரம் பட்டுப்போச்சு. ஆள் வெச்சு வெட்டலாம்னு சொன்னா கேட்டாத்தானே? நட்டவன் நான், நான்தான் வெட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். கை நடுங்குது, பிடிவாதம் மட்டும் நடுங்க மாட்டேங்குது."

"அவராவது ஆம்பளையா இருக்காரே!"

பில் போடும் மேஜையிலிருந்து புரொபசரின் மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க, அவர் கேட்டதைக் குடுத்துட்டுப் போங்களேன்."

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

போன வருஷம் இப்படித்தான் ஒருவர் பெரிய பிளேடுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப்போனார். என்ஜின் புகைந்து போனதும் தெருமுனையில் நின்று, 'புரொபசர் கடை மெஷின் எல்லாம் டப்பா' என்று தொண்டை கிழியக் கத்தினார். அதன்பின் ஒரு மாதம் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை அந்தப் பேச்சு கிளம்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

பணத்தைக் கட்டிவிட்டு, கண்ணாடிக்காரர் போனுடன் வாசலுக்குப் போனார். "வாங்கிட்டேன்ப்பா. ஆமாம்ப்பா, பெருசுதான்" என்று அவர் குழைவது உள்ளே கேட்டது.

புரொபசர் நீளமான பிளேடை எடுத்த இடத்திலேயே வைத்தார். பதினாலு இன்ச் பிளேடையும் அதற்கேற்ற மெல்லிய செயினையும் மாட்டினார். ஆயில் ஊற்றி, இழுவை பார்த்து, பெட்டியில் வைத்து, நாலு சுற்று டேப் ஒட்டினார். விலையில் குறைந்த பணத்தையும் உள்ளேயே போட்டார். முட்டாள்களிடம் காசு அடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"சொல்லிட்டாவது குடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா புரியற மூஞ்சியா அது? நாளைக்கு அவனே வந்து கும்பிடுவான், பாரு."

மறுநாள் சாயங்காலம் கண்ணாடிக்காரர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, தலை கலைந்திருந்தது. கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்ததில் புரொபசருக்கு ஏக சந்தோஷம்.

"வாங்க வாங்க! மெஷின் எப்படி?"

"நான் கேட்ட பிளேடு அதுல இல்லையே சார்."

"எப்படி இருக்கும்? நான்தான் மாத்தினேன்!" புரொபசர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோங்க. முப்பத்தஞ்சு சிசி மெஷினுக்கு இருபத்திநாலு இன்ச் பிளேடு கேட்டவர் இவர்தான். படிச்சவங்க லட்சணம் இது!"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

"சரி, மரத்தை வெட்டுச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"வெட்டுச்சு சார். காலையில நான் ஆபீசுக்குக் கிளம்பினதும் அப்பாவே பெட்டியைப் பிரிச்சிருக்கார். பத்தே நிமிஷத்துல மரம் சாஞ்சுடுச்சாம்."

"பாத்தீங்களா! அப்பா என்ன சொல்றார்?"

"அவர் ஆஸ்பத்திரியில இருக்கார். மரம் அவர் கால்மேலதான் சாஞ்சது. முட்டிக்குக் கீழ எடுக்கணும்ங்கறாங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. மனைவி பேனாவை மூடினாள். புரொபசரின் முகம் ஒரு கணம் வெளிறியது. ஆனால் வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

"கை நடுங்கற மனுஷன் கையில மெஷினைக் குடுத்துட்டு, தனியா விட்டுட்டா போவீங்க? என்ன பிள்ளை சார் நீங்க?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது வெட்டாதுன்னு நீங்க சொன்ன தைரியத்துலதான் சார் விட்டுட்டுப் போனேன்."