மூன்றாவது ஃபேன்

"உனக்குப் படிப்பு ஏறலையா, இல்ல பிடிக்கலையா?" என்று வகுப்பு டீச்சர் ஒருமுறை கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றும், வாய் திறக்க வேண்டிய நேரத்தில், அதையேதான் செய்தேன்.

திரையின் சூட்டை அளக்கும் மீட்டர் எழுபத்தொன்று டிகிரி காட்டியது.

நாற்சந்தியில் மூன்று மாடி உயரத்தில் நிற்கும் விளம்பரத் திரையின் முதுகுக்குள் இருந்தோம், அப்பாவும் நானும். ஒரு ஆள் ஒடுங்கி நடக்கிற அகலம்தான். முன்பக்கம் ஒரு பெண் பனிமலை மேல் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். பின்பக்கம் முட்டை வைத்தால் வெந்துவிடும்.

எழுபத்தைந்தைத் தொட்டால் திரை தானாக அணைந்துவிடும். மூன்று நாளாக மதியம் இரண்டு மணிக்கு அப்படித்தான் அணைந்தது.

காலையில் மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். "இன்னிக்கும் அணைஞ்சுதுன்னா, அண்ணே, நாளைக்கு நீங்க வர வேணாம்."

"தீப்பெட்டி உரசிட்டான்," என்றார் அப்பா. மேனேஜருக்கு அவர் வைத்த பெயர் அது. சொல்லும்போது எப்போதும் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

கீழே காற்று உள்ளே வரும் ஃபில்டர்களைக் கழுவி மாட்டிவிட்டோம். மேலே சூட்டை வெளியே தள்ளும் ஃபேன்கள் மூன்றும் புதியவை. நேற்று எனக்குக் காய்ச்சல். அப்பா தனியாக வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

மூன்றும் சுற்றின. சூடு மட்டும் ஏறியது.

"எவ்ளோ காட்டுது பாப்பா?"

"எழுபத்திரெண்டு."

மீட்டரை நான்தான் படிப்பேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாக அவர் தினமும் சொல்வார்.

ஃபேன் சட்டத்தில், காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஓர் அம்புக்குறி இருக்கும். கறுப்பில் கறுப்பாக, அரிசி அளவுக்கு. மாட்டிய பிறகு அது வெளியே தெரியாது. மாற்றி மாட்டினாலும் ஃபேன் சுற்றத்தான் செய்யும். வெளியே தள்ள வேண்டியதை உள்ளே தள்ளும், அவ்வளவுதான்.

பதினோரு வருஷமாக இதே வேலை பார்க்கிறவரிடம் அதை எப்படிக் கேட்பது?

சட்டைக்குள் செருகியிருந்த நோட்டிலிருந்து, எந்தப் பக்கம் என்று பார்க்காமல், ஒரு தாளைக் கிழித்தேன். அப்படி ஒரு நோட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது.

முதல் ஃபேனின் வலைக்கு நேராக நீட்டினேன். தாள் வலையில் ஒட்டிக்கொண்டது. சரி.

இரண்டாவதிலும் ஒட்டியது.

மூன்றாவதில் தாள் என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து, பின்னால் நின்ற அப்பாவின் நெஞ்சில் போய் அடித்தது.

அவர் அதை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு தாள் தன் நெஞ்சுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எதுலேர்ந்து வந்துச்சு?"

"மூணாவது."

தாளைப் பைக்குள் திணித்தார். பிளக்கைப் பிடுங்கினார். நான்கு ஸ்க்ரூக்களையும் விரலால் தேடித் தேடிக் கழற்றினார். எழுபத்துமூன்று. ஒரு ஸ்க்ரூ கீழே உருண்டது. அவர் குனிவதற்குள் நான் எடுத்துக் கொடுத்தேன். எழுபத்துநான்கு. ஃபேனைத் திருப்பி மாட்டி, பிளக்கைச் செருகினார்.

எழுபத்துநான்கு.

எழுபத்துநான்கு.

கீழே சந்திப்பில் சிக்னல் இரண்டு முறை மாறியிருக்கும். அத்தனை வண்டிகளின் சத்தமும் மாறிக் கேட்டது.

எழுபத்துமூன்று. பிறகு எழுபது.

"தீப்பெட்டி நமத்துப் போச்சு," என்றார் அப்பா. இப்போது சிரித்தார்.

கதவைத் திறந்து வாசலில் உட்கார்ந்தோம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கண்ணாடி வீட்ல இருக்கு. நீயே படி."

தாளின் மேலே தேதி இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன கடைசி நாள்.

கடைக்கு எழுதிய சீட்டு என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்த எதையாவது படித்திருக்கலாம். எங்கள் வீட்டில் மூக்குக்கண்ணாடி என்று ஒன்று இருந்ததே இல்லை.

படித்தேன்.

"அப்பாவுக்கு மீட்டரில் எண்கள் தெரியவில்லை. கேட்டால் உடைந்துபோவார். படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிட்டு, நாளையிலிருந்து அவர்கூடப் போக வேண்டும்."

அப்பா தாளை வாங்கி நான்காக மடித்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

இரும்புப் படிகள் ஒவ்வொன்றையும் முதலில் காலால் தடவிப் பார்த்து, பிறகு மிதித்து இறங்கிப் போனார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே.